கட்டாமல் விட்ட நிலம்

அமெரிக்கப் புறநகர்களில் வீடு தேடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் பள்ளிக்கூடம், வேலைக்குப் போகும் தூரம், சொத்து வரி பற்றியவை. கடந்த சில பத்தாண்டுகளில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: வாசலிலிருந்து நடைத்தடம் எவ்வளவு தூரம்? காரை எடுக்காமல், நாயைக் கூட்டிக்கொண்டோ சைக்கிளை உருட்டிக்கொண்டோ, ஐந்து நிமிடத்தில் புல்வெளிக்கோ மலையடிவாரத்துக்கோ போய்விட முடியுமா? இந்தக் கேள்விக்குக் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் கனம் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். ராக்கி மலைத்தொடரும் பெரும் புல்வெளியும் ஒன்றையொன்று முட்டும் விளிம்பில் நகரங்கள் வடக்கும் தெற்குமாக வரிசையாக அமைந்திருக்கின்றன. நடுவில் டென்வர். அதற்கு வடமேற்கே நாற்பது கிலோமீட்டரில் போல்டர். போல்டரைச் சுற்றி லூயிஸ்வில், லாஃபயெட், சுப்பீரியர், புரூம்ஃபீல்டு. டென்வரின் மேற்கிலும் தெற்கிலும் ஆர்வாடா, லிட்டில்டன், ஹைலண்ட்ஸ் ராஞ்ச். வீட்டு விளம்பரங்களில் படுக்கையறை எண்ணிக்கைக்கு அடுத்த வரியிலேயே தடத்தின் பெயர் வரும் ஊர்கள் இவை.

விளம்பரத்தைப் படிக்கிறவருக்குத் தடம் மலையோடு சேர்ந்தே பிறந்தது போலத் தோன்றும். மலை இயற்கை தந்தது என்பது சரி. அதன் அடிவாரத்தில் வீடுகள் இல்லாமல் இருப்பதற்கு மனிதர்கள்தான் காரணம். ஒவ்வொரு தடமும், இந்த இடத்தில் கட்ட வேண்டாம் என்று யாரோ ஒரு காலத்தில் எடுத்த முடிவின் மிச்சம். அந்த முடிவுக்கான காரணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஓரிடத்தில் அழகு, ஓரிடத்தில் வெள்ளம், ஓரிடத்தில் பாசனக் கால்வாயின் உரிமை, இன்னோரிடத்தில் புளூட்டோனியம். தடத்துக்காக வீடு வாங்குகிறவர் அந்தக் காரணத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

போல்டரில் கட்ட வேண்டாம் என்ற முடிவு அழகிலிருந்து, அதைவிடவும் வெயிலிலிருந்து, தொடங்கியது. 1859இல் தங்கம் தேடி வந்தவர்கள் அமைத்த ஊர் அது. டெக்சாஸ் மாநிலத்துக் கல்வியாளர்கள் கோடை வெக்கையிலிருந்து தப்பி ஆசிரியர்களுக்குப் பயிற்சிமுகாம் நடத்த ஒரு குளிர்ந்த இடம் தேடினார்கள். போல்டர் நகரம் கடன் பத்திரம் வெளியிட்டு மலையடிவாரத்துப் பண்ணை ஒன்றை வாங்கிக்கொடுத்தது. 1898 ஜூலை 4ஆம் நாள் அங்கே ஷட்டாக்குவா முகாம் தொடங்கியது. சொற்பொழிவு, இசை, மலையேற்றம். முதல் கோடையில் தங்குவதற்குக் கூடாரங்கள். முகாமுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் செம்மணற்கல் பலகைகளுக்கு ஃபிளாட்அயர்ன்ஸ் என்று பெயர். இன்றும் போல்டரில் நெரிசல் மிகுந்த தடவாசல் ஷட்டாக்குவாதான். வாரக்கடைசியில் அங்கே கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை.

முகாமுக்குப் பத்தாண்டு கழித்து, நகரை எப்படிச் சீர்திருத்துவது என்று சொல்ல நிலத்தோற்றக் கலைஞர் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் அழைக்கப்பட்டார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவரின் மகன். 1910இல் அவர் கொடுத்த அறிக்கை, ஊருக்கு நடுவே ஓடும் போல்டர் கிரீக் ஓடையின் வெள்ளத்தாழ்வைக் கட்டடங்களுக்குக் கொடுக்காமல் பூங்காவாக விட்டுவிடச் சொன்னது. ஓடை அவ்வப்போது தன் இடத்தைக் கேட்டு வரும். அப்போது அங்கே புல் மட்டும் இருந்தால் நட்டமில்லை என்பது அதன் சாரம். ஊர் உடனே கேட்டுவிடவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்தான் அவசரம் வந்தது. 1952இல் டென்வரிலிருந்து சுங்கச்சாலை போடப்பட்டது. 1954இல் தேசியத் தர அளவீட்டு நிறுவனத்தின் ஆய்வுக்கூடங்களை அதிபர் ஐசனோவரே வந்து திறந்துவைத்தார். 1950இல் இருபதாயிரமாக இருந்த மக்கள்தொகை 1960இல் முப்பத்தேழாயிரத்தையும் 1970இல் அறுபத்தாறாயிரத்தையும் தாண்டியது. வீடுகள் மலைச்சரிவில் ஏறத் தொடங்கின. கொலராடோ பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த ராபர்ட் மெக்கெல்வியும் இயற்பியல் கற்பித்த ஆல்பர்ட் பார்ட்லெட்டும் இதைத் தடுக்க ஒரு வழி கண்டார்கள். நிலம் தனியாருடையது, கட்டாதே என்றால் வழக்கு வரும். தண்ணீர் நகராட்சியுடையது. கடல்மட்டத்துக்கு 5,750 அடிக்கு மேல் நகராட்சிக் குடிநீர் ஏறாது என்று விதித்துவிட்டால்? வறண்ட மேற்கில் குழாய்த் தண்ணீர் இல்லாத மனையை யார் வாங்குவார்கள்? 1959இல் நகர சாசனத்தில் அந்தத் திருத்தத்தை வாக்காளர்கள் நிறைவேற்றினார்கள். வரைபடத்தில் வரைந்த நிறத்தால் அது நீலக்கோடு எனப்படுகிறது. பார்ட்லெட் பின்னாளில் உலகறிந்தது வேறொன்றுக்காக. எந்தச் சிறிய விழுக்காட்டு வளர்ச்சியும் தொடர்ந்தால் பெருவெள்ளமாகும் என்று விளக்கும் தன் சொற்பொழிவை அவர் ஆயிரத்துக்கும் அதிகமான முறை நிகழ்த்தினார்.

கோடு போட்ட இரண்டே ஆண்டுகளில் ஊர் தானே விலக்கும் கொடுத்தது. தேசிய வளிமண்டல ஆய்வு மையம் மேட்டின் மேல் இடம் கேட்டபோது மக்கள் வாக்களித்து அனுமதித்தார்கள். ஐ. எம். பெய் வடிவமைத்த செந்நிறக் கோபுரங்கள் 1967இல் எழுந்தன. அவற்றின் பின்வாசலிலிருந்தே இன்று ஒரு நல்ல தடம் கிளம்புகிறது. விஞ்ஞானிகளுக்கு இடம் உண்டு, சொகுசு விடுதிக்கு இல்லை என்ற பாகுபாட்டை வெளியூர்க்காரர்கள் கேலி செய்யலாம். ஆனால் எது தகும், எது தகாது என்பதை அந்த ஊர் ஒளிக்காமல் வாக்குச்சீட்டில் சொன்னது. ஷட்டாக்குவாவுக்குப் பக்கத்து மேட்டில் விடுதி கட்டும் திட்டம் வந்தபோது, தண்ணீர்க் கோடு மட்டும் போதாது என்பது புரிந்தது. 1962இல் கடன் பத்திரம் மூலம் அந்த மேட்டையும் நகரம் வாங்கியது. ஒவ்வொரு மேட்டுக்கும் தனித்தனியாகப் போராடி ஓய்ந்தபின், 1967இல் வாக்காளர்கள் தங்கள் மேல் தாங்களே ஒரு வரி போட்டுக்கொண்டார்கள்: ஒரு விழுக்காடு விற்பனை வரி, அதில் நாற்பது பங்கு திறந்தவெளி நிலம் வாங்க, அறுபது பங்கு சாலைக்கு. இதற்கென்றே வரி விதித்துக்கொண்ட முதல் அமெரிக்க நகரம் போல்டர். காரும் காலும் ஒரே காசைப் பிரித்துக்கொண்ட அந்த ஏற்பாடு, வாக்கு சேர்க்கும் தந்திரமாகவும் இருந்திருக்க வேண்டும்.

இன்று நகரத்தின் கையில் 45,000 ஏக்கருக்கு மேல் நிலமும் அதில் 150 மைலுக்கு மேற்பட்ட தடங்களும் உள்ளன. நிலத்தின் ஒரு பகுதி உழவுக்கும் மேய்ச்சலுக்கும் குத்தகைக்குப் போகிறது. திறந்தவெளி என்ற பெயரைப் பார்த்து எல்லா இடத்திலும் கால் வைக்கலாம் என்று நினைத்து வருகிற புதியவருக்கு இது முதல் ஏமாற்றம். சைக்கிள்காரருக்கு இன்னும் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. ஃபிளாட்அயர்ன்ஸ் அடிவாரத்துத் தடங்களில் மலைச் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஷட்டாக்குவாவிலிருந்து தெற்கே எல்டோராடோ பள்ளத்தாக்கை நோக்கி ஏழு மைலளவு ஓடும் மேசா தடமும் அதில் அடக்கம். சைக்கிளுக்கென்றே அடிவாரத்தில் பெரும் விலைக்கு வீடு வாங்குகிறவர், சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வேறிடத்துக்குத்தான் போக வேண்டும். மேற்கே கவுண்டிக்குச் சொந்தமான பெட்டாசோ காப்புநிலத்திலும் புதன், சனி இரண்டு நாளும் சைக்கிளுக்கு இடமில்லை. பாறை ஏறுகிறவர்களுக்கு வேறு தடை: பருந்தும் வல்லூறும் கூடு கட்டும் பாறைகள் பிப்ரவரி முதல் ஜூலை வரை மூடப்படும். நாயைக் கயிறில்லாமல் விடுவதற்கு, அது கூப்பிட்டால் வரும் என்று உரிமையாளர் உறுதிகூறிப் பதக்கம் வாங்க வேண்டும். அதுவும் சில தடங்களில் மட்டும் செல்லும். பனி உருகும் காலத்தில் சேறான தடங்களை மூடுவார்கள். சேற்றைத் தவிர்க்க ஓரமாக நடக்கிறவர்களால்தான் ஒற்றையடிப் பாதை மூவடிப் பாதையாகிறது. நெடுநாள் வசிப்பவர்களின் நடை அட்டவணை வானிலை, கிழமை, பறவை, நாய் நான்கையும் பொறுத்தது. தரகர் காட்டும் வரைபடத்தில் இந்த நான்கும் இருக்காது.

விலைக்கு வருவோம். ஊரைச் சுற்றி வாங்கிய இந்தத் திறந்தவெளிப் பசுமை வளையத்தை ஒட்டிய வீடுகளின் விலை பற்றி 1978இல் வெளிவந்த பொருளியல் ஆய்வு ஒன்று போல்டரை எடுத்துக்கொண்டது. பசுமை வளையத்திலிருந்து விலகிப்போகும் ஒவ்வோர் அடிக்கும் வீட்டின் விலை 4 டாலர் 20 சென்ட் குறைந்ததாக அது கணக்கிட்டது. வளையத்தை ஒட்டிய வீட்டுக்கும் 3,200 அடி தள்ளியிருக்கும் அதேபோன்ற வீட்டுக்கும் 32 விழுக்காடு வேறுபாடு. வீட்டு விலை ஏறுவதால் கூடும் சொத்து வரி, நிலம் வாங்கிய செலவையே ஈடுகட்டிவிடும் என்பதும் அந்த ஆய்வின் முடிவு. நகராட்சிகளுக்கு இது மிகவும் பிடித்துப்போனதில் வியப்பில்லை. அதன் மறுபக்கம் பேசப்படுவது குறைவு. எல்லோரும் வரி கொடுத்து வாங்கிய நிலத்தின் பயன், அடிவாரத்தில் ஏற்கெனவே வீடு வைத்திருந்த சிலரின் சொத்தில் போய்ச் சேர்ந்தது.

இதன் மேல் இன்னும் இரண்டு விதிகள் வந்தன. 1971இல் கட்டட உயரம் 55 அடிக்கு மேல் போகக்கூடாது என்று ஆனது. 1976இல் வீடுகளின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் கூடக்கூடாது என்ற திட்டம், அதை முன்வைத்த பால் டேனிஷ் பெயரில், நிறைவேறியது. வெளியே விரிய முடியவில்லை, மேலே எழும்ப முடியவில்லை, வேகமாகப் பெருகவும் முடியவில்லை. பல்கலைக்கழகமும் ஆய்வுக்கூடங்களும் கணினி நிறுவனங்களும் வேலைகளை மட்டும் பெருக்கிக்கொண்டே போயின. இன்று அங்கே தனி வீட்டின் நடுத்தர விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. நகரில் வேலை செய்கிறவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளியூரிலிருந்து காரிலும் பேருந்திலும் வருகிறார்கள். பசுமை வளையம் புறநகர்ப் பரவலைத் தடுத்து நிறுத்தியதாகச் சொல்வது பாதி உண்மை. அது பரவலைப் பத்து மைல் அப்பால் தள்ளியது. தள்ளப்பட்டவர்கள் தினமும் அந்த வளையத்தைக் கடந்து வேலைக்கு வருகிறார்கள். மாலையில் அதில் நடக்க நேரமிருப்பது மற்றவர்களுக்கு.

அப்படித் தள்ளப்பட்டவர்களைக் கொண்டு வளர்ந்தவைதான் லூயிஸ்வில்லும் சுப்பீரியரும் லாஃபயெட்டும். மூன்றும் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்கள். தொழிலாளர் போராட்டங்களின் ஊர்களும்கூட. 1927 நவம்பரில் அருகேயிருந்த கொலம்பைன் சுரங்கத்தில் வேலைநிறுத்தக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சுரங்கங்கள் மூடியபின் அந்த ஊர்கள் பல பத்தாண்டுகள் தூங்கின. 1990 மக்கள்தொகைக் கணக்கில் சுப்பீரியரில் இருந்தவர்கள் 255 பேர். பத்தாண்டு கழித்து 9,011. ராக் கிரீக் என்ற ஒரே குடியிருப்புத் திட்டம் செய்த மாற்றம் அது. ஓடையையும் பழைய சுரங்க நிலங்களையும் ஒட்டிக் கோல் கிரீக் தடம் இந்த ஊர்களை ஒன்றோடொன்று இணைத்தது. லூயிஸ்வில் தன் பங்குக்குத் திறந்தவெளி வரியும் போட்டது. 2009லும் 2011லும் ‘மணி’ (Money) இதழ் அமெரிக்காவில் வாழச் சிறந்த சிற்றூர்களின் பட்டியலில் லூயிஸ்வில்லை முதலிடத்தில் வைத்தது. 2016இல் நெடுஞ்சாலை 36ஐ ஒட்டிப் பதினெட்டு மைல் சைக்கிள் பாதை திறந்தபின், அங்கிருந்து போல்டருக்குச் சைக்கிளிலேயே வேலைக்குப் போகவும் வழி பிறந்தது. போல்டரில் கட்டுப்படியாகாதவர்களுக்கு மலிவான மாற்றாக இருந்த ஊர்கள் அவை. இப்போது அவற்றையும் மலிவு என்று யாரும் சொல்வதில்லை.

டென்வரின் தெற்கே கதை வேறு மாதிரி. அங்கே வாக்குச்சீட்டுக்குப் பதிலாக நிறுவனம் முடிவெடுத்தது. ஹைலண்ட்ஸ் ராஞ்ச் ஒரு காலத்தில் இருபத்திரண்டாயிரம் ஏக்கர் மாட்டுப்பண்ணை. சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸுக்குச் சொந்தமாயிருந்த மிஷன் வியேஹோ நிறுவனம் அதை வாங்கி 1981இல் முதல் குடும்பங்களைக் குடியேற்றியது. இன்று ஒரு லட்சம் பேர் வசிக்கிறார்கள். ஆனாலும் அது சட்டப்படி நகரம் இல்லை, மேயர் இல்லை. தெருக்களுக்கு இடையே நெளியும் எழுபது மைல் பாதைகள் ஒரு சிறப்பு மாவட்ட அமைப்பின் பொறுப்பு. அவற்றில் யாரும் நடக்கலாம். தெற்கு விளிம்பில் உள்ள 8,200 ஏக்கர் காட்டுநிலம் குடியிருப்போர் சங்கத்தின் சொத்து. அதன் தடங்கள் சங்க உறுப்பினர்களுக்கு. போல்டரின் தடத்தில் வாடகைக்காரரும் வழிப்போக்கரும் வீடில்லாதவரும் கேள்வியின்றி நடக்கலாம். இங்கே நடக்கும் உரிமை வீட்டோடு வருகிறது, வீடு போனால் போய்விடுகிறது. வசதியைப் பார்த்தால் சங்கத் தடம் பல நேரங்களில் மேல்: நெரிசல் குறைவு, குப்பை குறைவு. ஒரு பத்தாண்டுக்கு மேல் தங்க நினைக்கிறவர் கேட்க வேண்டியது வேறு. நிலத்தை விற்கவோ மாற்றவோ யாருக்கு அதிகாரம் இருக்கிறது? போல்டரில் நகரசபை திறந்தவெளி நிலத்தை விற்பதற்கு நகர சாசனமே தடைகள் வைத்திருக்கிறது. மற்ற ஊர்களில் அது ஒப்பந்தங்களிலும் சங்க விதிகளிலும் எழுதப்பட்டிருக்கும். அந்த விதிகளை வீடு வாங்குமுன் படிப்பவர் அரிது.

லிட்டில்டன், கிரீன்வுட் வில்லேஜ், செர்ரி ஹில்ஸ் வழியாக வளையும் ஹைலைன் கால்வாய்த் தடம் மூன்றாவது வகை. 1883இல் ஆங்கிலேய முதலீட்டில் வெட்டி முடித்த பாசனக் கால்வாய் அது. நீளம் 71 மைல். கொலராடோவில் தண்ணீர் முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை. ஹைலைன் பிந்தி வந்ததால் வறண்ட ஆண்டுகளில் அதற்குச் சேர வேண்டிய நீர் வரவே வராது. வணிகமாகத் தோற்றது. ஆனால் மண் கரையில் கசிந்த நீரைக் குடித்துப் பருத்த காட்டன்வுட் மரங்கள் வரிசையாக வளர்ந்தன. மரமற்ற புல்வெளியில் நிழலான எழுபது மைல் என்பது சாதாரணமில்லை. கால்வாய்க்காரர்கள் குதிரையில் போன பராமரிப்புப் பாதை 1970களில் பொதுமக்களுக்குத் திறந்தபோது, இரு கரையிலும் டென்வரின் விலை உயர்ந்த வீடுகள் நெருங்கி வந்தன. பிறகு பாசனம் குறைந்தது. கசிந்து வீணாகும் நீரை ஒரு பெருநகரத்தால் தாங்க முடியாது. கால்வாய் வறண்டால் மரமும் வறளும். நூறு வயதான காட்டன்வுட்கள் பட்டுப்போகின்றன, கிளைகள் விழுமுன் வெட்டப்படுகின்றன. தெருக்களின் மழைநீரைக் கால்வாயில் திருப்பிவிடும் வேலை நடக்கிறது. அது எத்தனை மரத்துக்குப் போதும் என்பது மழையின் கையில். அந்த நிழலுக்காக வீடு வாங்கியவர்கள் ஒரு பழைய கம்பெனியின் கசிவுக்கு விலை கொடுத்தவர்கள்.

ஓடைத் தடங்களுக்குத் திரும்பினால், ஓம்ஸ்டெட் சொன்னதை எழுபது ஆண்டு கழித்து ஊர் கேட்டது எனலாம். இடையில் கில்பர்ட் ஒயிட் வந்திருந்தார். வெள்ளத்தை அணைகளால் மட்டும் அடக்க முடியாது, மனிதன்தான் அதன் வழியிலிருந்து விலக வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதிட்ட புவியியலாளர். 1970 முதல் போல்டரில் பேராசிரியர். 1980களில் போல்டர் கிரீக் ஓரமாகப் பாதை போட்டபோது அது ஒரே நேரத்தில் பூங்காவாகவும் வெள்ள வடிகாலாகவும் அமைந்தது. சாலைகளுக்கு அடியில் செல்லும் அதன் சுரங்கவழிகள் நீர் ஏறினால் மூழ்கும். மூழ்கட்டும் என்றே கட்டியவை. 2013 செப்டம்பரில் அது சோதிக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் இருபது அங்குலம் மழை பெறும் ஊரில் ஒரே வாரத்தில் பதினேழு அங்குலம் பெய்தது. மலைத்தடங்கள் பல அரித்துச் செல்லப்பட்டன. சில ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தன. ஓடையோரப் பூங்காக்கள் தங்கள் வேலையைச் செய்தன. ஆனால் பல தெருக்களில் வீட்டின் நிலவறைக்குள் புகுந்த நீர் ஓடையிலிருந்து வரவில்லை. சரிவிலிருந்து வழிந்தும் கழிவுக்குழாய் வழியே மேலேறியும் வந்தது. திறந்தவெளியை ஒட்டிய மனையில் பின்வாசல் சரிவு எந்தப் பக்கம் என்று பார்ப்பது, மலை தெரிகிறதா என்று பார்ப்பதை விட முக்கியம் என்று அந்த வாரத்துக்குப் பின் பலர் கற்றார்கள்.

விலங்குகள் தனிக் கணக்கு. புறநகர்ப் புல்தரைக்கு மான் வரும். மானுக்குப் பின்னால் மலைச்சிங்கம் வரும். 1980களின் இறுதியில் போல்டரின் தெருக்களில் இந்த வரிசை எப்படி அமைந்தது என்பதை டேவிட் பேரனின் ‘தோட்டத்தில் ஒரு மிருகம்’ என்ற பொருள்படும் தலைப்புள்ள ஆங்கில நூல் விரிவாகச் சொல்கிறது. கரடிகளுக்காகக் குப்பைத்தொட்டிக்குப் பூட்டு கட்டாயமானது. இவற்றோடு வாழ மனிதர்கள் பழகிவிட்டார்கள். தீ பற்றித்தான் பழகியதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

காட்டுத்தீ மலைவாசிகளின் கவலை என்பது புல்வெளிப் பக்கத்து ஊர்களில் பொதுவான எண்ணம். 2021இல் வசந்தம் ஈரமாக இருந்ததால் புல் உயர்ந்து வளர்ந்தது; கோடையிலிருந்து டிசம்பர் வரை மழையும் பனியும் பொய்த்ததால் அது காய்ந்து நின்றது. டிசம்பர் 30ஆம் நாள் முற்பகலில் மார்ஷல் பகுதியில் தீ தொடங்கியபோது மலையிலிருந்து இறங்கிய காற்று மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொட்டது. புலனாய்வு இரண்டு தோற்றுவாய்களைக் கண்டது: ஒரு தனியார் நிலத்தில் சில நாள் முன்பு எரித்துப் புதைத்த கனலும், தளர்ந்த மின்கம்பியும். மார்ஷலின் பழைய சுரங்கங்களில் பல பத்தாண்டுகளாக எரிந்துகொண்டிருக்கும் நிலக்கரியையும் புலனாய்வாளர்கள் முற்றாக விலக்கிவிடவில்லை. தீ திறந்தவெளிப் புல்லைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் சுப்பீரியரில் நுழைந்தது, பிறகு லூயிஸ்வில்லில். முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வெளியேறினார்கள். 1,084 வீடுகள் அழிந்தன, இருவர் இறந்தார்கள். மறுநாள் பனி பெய்தது. எரிந்தது ஆறாயிரம் ஏக்கர் மட்டுமே. ஆனாலும் கொலராடோ வரலாற்றில் வீட்டிழப்பில் அதற்கு இணையான தீ இல்லை.

அது பரவிய விதம் புறநகர் வடிவமைப்பைப் பற்றி நிறையச் சொல்கிறது. புல்லில் வந்த தீ, புல்வெளியை வீட்டிலிருந்து பிரிக்கப் போட்ட மரவேலிகளைப் பற்றிக்கொண்டு சுவருக்கு வந்தது. அதன்பின் புல் தேவைப்படவில்லை. பத்துப் பதினைந்தடி இடைவெளியில் நின்ற வீடுகள் ஒன்றையொன்று கொளுத்தின. நிலத்தை மிச்சப்படுத்தி நடுவில் பொதுவெளி விடுவதற்காக வீடுகளை நெருக்கி அமைப்பதுதான் தடங்களுள்ள புறநகர்களின் இலக்கணம். அந்த நெருக்கமே அன்று எரிபொருள் ஆனது. அதற்காகத் திறந்தவெளியைக் குற்றம் சொல்வது சரியாகாது. அங்கே வீடுகள் இருந்திருந்தால் அவையும் எரிந்திருக்கும். புல்லை வெட்டுவதா, மாடு விட்டு மேய்ப்பதா, கட்டுப்படுத்தி எரிப்பதா என்ற பழைய தகராறு மட்டும் தீவிரமானது. வீட்டைத் திரும்பக் கட்டும் செலவுக்குக் காப்பீடு போதாது என்பதைப் பெரும்பாலானோர் சாம்பலுக்குப் பிறகே கண்டுபிடித்தார்கள். இப்போது அந்தப் பகுதியில் வீடு பார்ப்பவர்கள் தடத்தின் தூரத்தோடு கூரையின் பொருளையும், வேலி வீட்டைத் தொடுகிறதா என்பதையும், காப்பீட்டுக் கட்டணத்தையும் கேட்கிறார்கள்.

சுப்பீரியருக்குத் தெற்கே, ஆர்வாடாவின் வடமேற்கு விளிம்பில், இவை எல்லாவற்றிலும் கடினமான நிலம் இருக்கிறது. ராக்கி ஃபிளாட்ஸில் 1952 முதல் 1989 வரை அணுகுண்டுகளுக்கான புளூட்டோனியம் உட்கருக்களைச் செய்தார்கள். 1957லும் 1969லும் ஆலைக்குள் பெருந்தீ விபத்துகள் நடந்தன. 1989இல் சுற்றுச்சூழல் குற்றங்களுக்காக ஃபெடரல் புலனாய்வுத் துறையே ஒரு ஃபெடரல் ஆலையைச் சோதனையிட்டது. ஆலையைச் சுற்றி நாற்பதாண்டு யாரும் கட்டவில்லை, யாரும் உழவில்லை. அதனால் உயர்புல் சமவெளியின் அரிய மிச்சம் ஒன்று அங்கே தப்பியது. 2005இல் சுத்திகரிப்பு முடிந்தது. நடுவில் உள்ள சுமார் 1,300 ஏக்கர் இன்றும் எரிசக்தித் துறையின் வேலிக்குள். சுற்றியுள்ள நிலம் தேசிய வனவிலங்குப் புகலிடமாகி, 2018 செப்டம்பரில் அதன் தடங்கள் திறக்கப்பட்டன. மானும் எல்க்கும் அங்கே மேய்கின்றன. காற்றில்லாத மாலையில் அந்த மாவட்டத்திலேயே அழகான நடை அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு.

அரசுத் துறைகள் மண்ணில் மிஞ்சிய அளவு நடப்பவர்களுக்குத் தீங்கற்றது என்கின்றன. அதை ஏற்காத விஞ்ஞானிகளும் பழைய ஊழியர்களும் அண்டை வீட்டார்களும், உள்ளிழுக்கும் தூசியில் ஒரு துகளே போதும் என்கிறார்கள். புளூட்டோனியத்தின் அரைவாழ்வு 24,100 ஆண்டுகள். சுற்றியுள்ள பல பள்ளி மாவட்டங்கள் மாணவர்களை அங்கே கல்விச்சுற்றுலா கூட்டிச்செல்வதில்லை என்று முடிவுசெய்தன. டென்வரின் புகலிடங்களை ராக்கி மலையோடு இணைக்கத் திட்டமிட்ட பசுமைவழித் தடத்திலிருந்து சில நகரங்கள் விலகிக்கொண்டன, சில தொடர்ந்தன. அதே காலத்தில் புகலிடத்தின் தெற்கு எல்லையை ஒட்டி காண்டெலாஸ் என்ற குடியிருப்பு எழுந்தது. மலைக்காட்சி, நீச்சல்குளம், வாசலிலேயே தொடங்கும் தடங்கள். வீடுகள் விற்றுப்போயின. வாங்கியவர்களில் விவரம் தெரியாமல் வாங்கியவர்களும் இருக்கலாம், அறிக்கைகளைப் படித்துவிட்டு இந்த அபாயம் சாலை விபத்தைவிடச் சிறியது என்று கணக்கிட்டு வாங்கியவர்களும் உண்டு. இரண்டாமவர்களின் கணக்கு தவறென்று நிரூபிப்பது எளிதல்ல, சரியென்று நிரூபிப்பதும் எளிதல்ல. அவர்களில் சிலர் தினமும் அந்தத் தடங்களில் ஓடுகிறார்கள். சிலர் வேலியோடு நின்றுகொண்டு, நடப்பதற்குக் காரில் வேறு ஊருக்குப் போகிறார்கள்.